யார் கூடிப் பகிர்ந்தார்கள்? வட்டார மன்றங்களும் சிறு நிதியும்



உள்ளூர் நிதி என்றதும் எவ்வளவு, எந்தத் திட்டத்தில் என்றுதான் கேட்கிறோம். யார் கூடி அதைப் பகிர்ந்தார்கள் என்ற கேள்வி பின்தங்கிவிடுகிறது. இந்த நினைவுப் பேருரையில் அக்கேள்வியை முன்னால் வைக்கிறோம். அதற்கு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தை எடுத்துக்கொள்கிறோம். அண்ணல் அம்பேத்கர் 1946இல் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர் இயக்கம் கறுப்பினப் போராளிகளின் பெயரைத் தனதாக்கிக்கொண்டது. அவர்களுடைய அனுபவத்தை நம்முடையதோடு சேர்த்து வாசிப்பது நமக்குப் புதிதல்ல.

1999இல் அந்நகர வாக்காளர்கள் ஏற்றுக்கொண்ட சாசனத்தின்படி வட்டார மன்றங்கள் உருவாயின. இன்று ஏறக்குறைய நூறு மன்றங்கள் உள்ளன. உறுப்பினர்களுக்குச் சம்பளம் இல்லை. சட்டம் இயற்றும் அதிகாரமும் இல்லை. மாநகராட்சிக்கு ஆலோசனை சொல்லலாம். ஆண்டுதோறும் கிடைக்கும் சிறு தொகையைச் செலவிடலாம். அண்மை ஆண்டுகளில் மன்றம் ஒன்றுக்கு 32,000 டாலர் என்ற அளவில் அது இருந்தது. பணக்கார வட்டாரத்துக்கும் ஏழை வட்டாரத்துக்கும் ஒரே தொகை.

இதிலிருந்து ஒரு பகுதியை மன்றம் பொதுநல மானியமாகக் கொடுக்கலாம். பள்ளித் தோட்டம், சுவரோவியம், குழந்தைகளுக்கான கலைப் பயிற்சி போன்றவை இதில் வரும். கேட்பவர் விண்ணப்பம் தர வேண்டும். அது பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் இடம்பெற வேண்டும். 72 மணி நேரம் முன்பே நிரல் ஒட்டப்பட வேண்டும். கூட்டத்தில் யாரும் எழுந்து பேசலாம். பிறகு உறுப்பினர்கள் வெளிப்படையாக வாக்களிப்பார்கள். அந்தப் பணத்தால் ஆதாயம் அடையும் உறுப்பினர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். நகர எழுத்தர் அலுவலகம் ஆவணங்களைச் சரிபார்த்த பிறகே காசோலை போகும். மூடிய அறையில் முடிவெடுக்க இடம் தராத இந்த முறை மதிக்கத்தக்கது.

ஆனால் தனிமனிதர் விண்ணப்பிக்க முடியாது. வரிவிலக்கு பெற்ற தொண்டு நிறுவனமாகவோ அரசுப் பள்ளியாகவோ இருக்க வேண்டும். தெருவில் சேர்ந்து சமைத்துப் பசியாற்றும் பெண்களிடம் அந்தச் சான்றிதழ் இருக்காது. காகிதம் வைத்திருப்பவருக்கே கதவு திறக்கிறது.

அடுத்தது, மன்றத்தில் யார் உட்கார்கிறார்கள் என்பது. ஸ்கிட் ரோ என்ற பகுதியில் வீடற்ற ஆயிரக்கணக்கானோர் வாழ்கிறார்கள். நகர மக்கள்தொகையில் கறுப்பினத்தவருக்குள்ள விகிதத்தைவிட அங்கே அவர்களின் விகிதம் பன்மடங்கு அதிகம். அந்தப் பகுதி, மாடிக் குடியிருப்புகளும் வணிகமும் நிறைந்த நகர மையத்தின் மன்றத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. தங்களுக்கென்று தனி மன்றம் வேண்டுமென்று அம்மக்கள் கேட்டார்கள். 2017 ஏப்ரலில் வாக்கெடுப்பு நடந்தது. அங்கே வசிப்பவர் மட்டுமல்லாமல், வேலை செய்பவரும் சொத்து வைத்திருப்பவரும் வாக்களிக்கலாம். நேரில் வந்த வாக்குகளில் ஆதரவு 183, எதிர்ப்பு 19. இணையம் வழி வந்தவற்றில் ஆதரவு 583, எதிர்ப்பு 807. மொத்தத்தில் 766க்கு 826. அறுபது வாக்கில் கோரிக்கை தோற்றது.

இந்தக் கணக்கு நமக்குத் தெரிந்த கணக்கு. 1932இல் தனி வாக்காளர் தொகுதி கிடைத்தது. பூனா ஒப்பந்தத்தில் அது பறிபோனது. ஒதுக்கீட்டு இடங்கள் எண்ணிக்கையில் கூடின. ஆனால், அந்த இடத்தில் உட்காருபவரை மற்றவர்களின் வாக்கே தீர்மானித்தால் அவர் யாருக்குப் பதில் சொல்வார் என்று அம்பேத்கர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஸ்கிட் ரோ மக்கள் கேட்டதும் ஏறத்தாழ அதே கேள்விதான்.

சிறு நிதிதானே என்று நாம் கடந்துவிடக் கூடாது. ஒரு தெருவிளக்குக்கான தொகையில்தான் அந்தத் தெரு ஊரில் சேர்த்தியா இல்லையா என்பது தெரியவரும். ஆகவே, நம் கிராம சபையிலும் நகரப் பகுதி சபையிலும் மூன்றைக் கேட்டுப் பழகுவோம். கூட்டம் எந்த இடத்தில், எந்த நேரத்தில் நடக்கிறது? கேட்பதற்கு என்ன காகிதம் தேவை? கை தூக்குகிறவர்களில் நம் தெருக்காரர் எத்தனை பேர்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்வோம்; எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுவோம்.