கடைமடைக்கு வரும் ஒளி

"அண்ணே, பெட்டியில செவப்பு லைட்டு எரியுது. நெட்டு வரல."

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பைபர் இணைப்பு வாங்கிய வீடுகளிலிருந்து கேபிள்காரருக்குப் போகிற புகார் இப்படித்தான் ஆரம்பிக்கும். அந்தச் சிவப்பு விளக்குக்கு ஒரே பொருள்தான்: பெட்டிக்கு வரவேண்டிய ஒளி வந்து சேரவில்லை. தெருக்கம்பத்திலிருந்து வீட்டுக்குள் நுழையும் அந்தக் கறுப்புக் கேபிளுக்குள் செய்தியைச் சுமந்து வருவது மின்சாரமல்ல, வெளிச்சம்.

கேபிளின் உறையை உரித்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது 125 மைக்ரான் தடிமனுள்ள கண்ணாடி இழை, ஏறக்குறைய ஒரு தலைமுடி அளவு. அதன் நடுவே ஒளி ஓடும் பாதை வெறும் 9 மைக்ரான்தான். நடுக்கண்ணாடிக்கும் அதைச் சூழ்ந்த கண்ணாடிக்கும் தன்மையில் சிறு வேறுபாடு வைத்திருப்பதால், உள்ளே புகுந்த ஒளி பக்கவாட்டில் தப்ப முடியாமல் இழையோடே வளைந்து போகிறது. கேபிளை அளவுக்கு மீறி மடக்கினால் மட்டும் அந்த இடத்தில் கசிந்துவிடும். ஜன்னல் இடுக்கில் கேபிளை நசுக்கிச் சாத்தாதீர்கள் என்று பொருத்த வருகிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

வளைந்த கண்ணாடி இழைகளின் வழியே படத்தையே அனுப்பிக் காட்டியவர் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹரால்ட் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து அவர் செய்த ஆய்வு 1954-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. ஆனால் அன்றைய கண்ணாடியில் சில மீட்டருக்குள் ஒளி மங்கிவிடும். கோளாறு கண்ணாடியில் கலந்திருக்கும் மாசில்தான் என்று 1966-இல் சுட்டிக்காட்டினார் பொறியாளர் சார்லஸ் காவ். ஒரு கிலோமீட்டர் போன பிறகு நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினாலே போதும், தொலைபேசிக்குப் பயன்படுத்திவிடலாம் என்பது அவர் கணக்கு. 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அந்த எல்லையைத் தாண்டியது. இன்றைய இழையிலோ ஒரு கிலோமீட்டருக்குப் பிறகும் 95 பங்கு மிஞ்சுகிறது. காவுக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது, கபானிக்குக் கிடைக்கவில்லை. இந்தத் துறைக்குப் பெயர் வைத்தவரையே விட்டுவிட்டார்களே என்ற வருத்தம் இன்னும் பலருக்கு உண்டு.

இந்த ஒளி வீடு வீடாகப் பிரியும் விதத்தை உத்திரமேரூர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளைக் குடவோலைக்காக எல்லோரும் அறிவார்கள். அந்தக் குடவோலையில் ஆள் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஏரி, மதகு, வாய்க்கால், கடைமடை என்று ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நீரைப் பங்கிட்டு நிர்வகித்த ஊர் இது.

பைபரிலும் அதே ஒழுங்குதான். இணைய நிறுவனத்தின் நிலையத்தில் இருக்கும் தலைமைக் கருவிதான் மதகு. அங்கிருந்து கிளம்பும் ஒற்றை இழை, ஊருக்குள் ஸ்ப்ளிட்டர் என்ற சிறு பெட்டிக்குள் போய் 32 அல்லது 64 கிளைகளாகப் பிரிகிறது. அந்தப் பெட்டிக்கு மின்சாரமே வேண்டாம். பரவலாக உள்ள ஜிபான் முறையில் நொடிக்கு ஏறத்தாழ 250 கோடிக் குறிகள் ஒரே இழையில் இறங்கி வருகின்றன. எல்லோரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இறைப்பதில்லை என்பதால் பங்கு தாராளமாகவே கிடைக்கிறது. மதகிலிருந்து 20 கி.மீ. தள்ளியிருக்கும் வீட்டுக்கும் அதே வேகம் வரும். பழைய செம்புக் கம்பியிலோ எக்ஸ்சேஞ்சிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளினாலே வேகம் சரிந்துவிடும். ஐப்பசி இடியும் மின்னலும் கம்பி வழியே இறங்கி மோடத்தைக் கருக்கிவிட்டுப் போவதும் உண்டு. கண்ணாடியில் மின்சாரம் பாயாது.

இவ்வளவும் இருந்தும் பல கிராமத்து வீடுகளுக்கு இது இன்னும் வந்துசேரவில்லையே என்பதுதான் கேள்வி. நாட்டின் சுமார் இரண்டரை லட்சம் ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டத்துக்கு 2011-இல் ஒன்றிய அரசு ஒப்புதல் தந்தது. அதுவே பின்னர் பாரத்நெட் ஆனது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கு இழை கொண்டுபோகும் பொறுப்பு டான்ஃபினெட் என்ற அரசு நிறுவனத்திடம் இருக்கிறது. பெரும்பகுதிக் கேபிள் மின்கம்பங்களின் மேலேயே போகிறது. ஆனால் ஊராட்சி அலுவலகம் வரை இழை வருவது, வாய்க்கால் தலைப்பு வரை தண்ணீர் வருவது போலத்தான். அங்கிருந்து காலனிக்கும் ஏரிக்கரைத் தெருவுக்கும் வயலோரம் தனித்து நிற்கும் வீட்டுக்கும் இழுக்க ஆள் வேண்டும், கம்பம் வேண்டும், கட்டுப்படியாகும் கணக்கும் வேண்டும். நகரத்தில் நூறு மீட்டருக்குள் இருபது வீடு கிடைக்கும். இங்கே ஒரே ஒரு வீட்டுக்காக அரை கிலோமீட்டர் இழுக்க வேண்டிவரும். அந்தச் செலவை அந்த வீட்டின் தலையிலேயே கட்டினால் கடைமடை காய்ந்துதான் கிடக்கும். அதைப் பொதுச்செலவாக ஏற்பதே நியாயம்.

சிவப்பு விளக்குக்கு வருவோம். உயரமாகப் பாரம் ஏற்றிய லாரி இழுத்து அறுத்திருக்கலாம், குழாய் பதிக்கத் தோண்டிய ஜேசிபி வெட்டியிருக்கலாம், அணில் கடித்திருக்கலாம். கேபிள்காரர் இழை ஒட்டும் மிஷினோடு வந்து உட்காருகிறார். அறுந்த கேபிளின் உள்ளே பன்னிரண்டு இழைகள், நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். நிறம் பார்த்து ஜோடி சேர்த்து, மேல்பூச்சை உரித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, நுனியை நேர்வெட்டாக வெட்டி, மிஷினின் இரு பக்கமும் வைத்து மூடுகிறார். திரையில் இரண்டு நுனிகளும் தூண்களைப் போலப் பெரிதாகத் தெரிகின்றன. கண்சிமிட்டும் நேரம் ஒரு மின்பொறி. கண்ணாடி உருகி ஒன்றாகிறது. காஞ்சிபுரத்துத் தறியில் பழைய பாவு நுனியோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கிப் புணைப்பவர்களின் பொறுமை இதற்கும் வேண்டும். ஒரு தூசி விழுந்தாலும் மறுபடி வெட்டித்தான் ஆக வேண்டும்.

திரையில் இழப்பு 0.02 டெசிபல் என்று வந்ததும் அவர் முன்பே இழையில் கோத்து வைத்திருந்த சிறு குழாயை ஒட்டின் மேல் நகர்த்திச் சூடேற்றி இறுக்குகிறார். மிச்சக் கேபிளை வெட்டி எறிவதில்லை. வளையமாகச் சுற்றிக் கம்பத்தில் தொங்கவிடுகிறார், அடுத்த முறை அறுந்தால் இழுத்து ஒட்டுவதற்கு.