ஏழு வருடத் தவம், மூன்று பந்துகள்

ஆடம் கிரீன்பெர்க்கின் கனவு பலிக்க 24 வருடம் பிடித்தது. கலைய ஒரு நொடிகூட ஆகவில்லை.

2005 ஜூலை 9. அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீகில் அவருக்கு அதுதான் முதல் ஆட்டம். மியாமியில் ஃப்ளோரிடா மார்லின்ஸுக்கு எதிராக, ஒன்பதாவது இன்னிங்ஸில் சிகாகோ கப்ஸின் மாற்று பேட்ஸ்மேனாக இறங்கினார். வலேரியோ டி லாஸ் சான்டோஸ் வீசிய முதல் பந்து, மணிக்கு சுமார் 148 கி.மீ. வேகத்தில் வந்து அவர் தலையைத் தாக்கியது. அப்படியே சுருண்டு விழுந்தார்.

உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் தலைசுற்றலும் பார்வைக் கோளாறும் விடவில்லை. ஓடும் பந்தைக் கண்ணால் தொடர வேண்டிய ஆட்டக்காரருக்கு இதைவிடப் பெரிய தண்டனை ஏது? நம் ரஞ்சி ஆட்டங்களைப் போல மேஜர் லீகுக்கு அடுத்த படியில் இருப்பவை மைனர் லீக் அணிகள். அங்கே அணி மாறி அணி மாறி ஆடினார். பிறகு அதுவும் போய், எந்த மேஜர் லீக் அணியையும் சாராத சிறு அணிக்கு வந்து சேர்ந்தார். 2011ல் அங்கே எதிரே பந்து வீச வந்தவர் அதே டி லாஸ் சான்டோஸ். இந்த முறை பந்தை அடித்து முதல் பேஸை எட்டினார் கிரீன்பெர்க்.

ஆனாலும் மேஜர் லீக் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே பூஜ்யம்தான். பந்து உடலில் பட்டால் பேட்ஸ்மேனுக்கு முதல் பேஸ் இலவசம். ஆனால் அது பேட்டிங் வாய்ப்பாகக் கணக்கில் சேராது. 'அவருக்கு ஒரு வாய்ப்பு கொடுங்கள்' என்று 2012ல் ஒரு திரைப்படக்காரர் இயக்கம் தொடங்க, ஆயிரக்கணக்கான ரசிகர்கள் கையெழுத்திட்டார்கள். ஒரே ஒரு நாள் ஒப்பந்தத்துக்கு முன்வந்தது, அன்று எதிரணியாக இருந்த அதே மார்லின்ஸ்.

2012 அக்டோபர் 2. மியாமி. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. பந்து வீசியவர் நியூயார்க் மெட்ஸின் ஆர்.ஏ. டிக்கி. அந்த சீசனில் 20 ஆட்டங்களை வென்ற சூரர். பரிவு காட்டவில்லை. மூன்று பந்துகள், மூன்று ஸ்ட்ரைக், அவுட்!

திரும்பி வந்தவரை சக வீரர்கள் கைதட்டி வரவேற்றார்கள். அன்றைய சம்பளத்தைத் தலைக்காயம் பற்றி ஆராயும் அமைப்புக்குக் கொடுத்துவிட்டார் கிரீன்பெர்க்.

இரண்டு ஆட்டம், மொத்தம் நான்கு பந்து, அடித்தது ஒன்றுமில்லை. ஆனால் கணக்கில் சேரும் பேட்டிங் வாய்ப்பு: 1. அந்த ஒன்றுக்காகத்தான் ஏழு வருடம்.