இரண்டு கையெழுத்து, மூன்று சம்மதம்

ஓர் ஊரின் ஆட்சி இன்ன தேதியில் கைமாறும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால், அந்த ஊரோடு ஒப்பந்தம் போட வருகிற நாடு யாரை நம்பிக் கையெழுத்திடும்? 1984 டிசம்பரில் பிரிட்டனும் சீனாவும் கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டதிலிருந்து ஹாங்காங் அதிகாரிகளுக்கு இதுதான் தலைவலி. வெளிநாட்டுக்குத் தப்பியோடிய குற்றவாளிகளைத் திருப்பிக் கேட்க லண்டன் செய்துவைத்த ஒப்பந்தங்களையே அதுவரை ஹாங்காங் நம்பியிருந்தது. 1997 ஜூலை 1 அன்று ஊர் சீனாவின் கைக்கு மாறிய பிறகு அவை அதற்குச் செல்லாது. சீனாவின் ஒப்பந்தங்களுக்குள் நுழைந்துகொள்ளவும் வழியில்லை. மரண தண்டனை நடப்பிலுள்ள சட்டத்தின் கீழ் ஆளை அனுப்பப் பல நாடுகள் தயங்கும். ஹாங்காங்கோ 1966-க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை. 1993-ல் அந்தத் தண்டனையையே நீக்கிவிட்டது. ஆகவே ஒவ்வொரு நாட்டுடனும் தன் பெயரிலேயே பேச வேண்டியதாயிற்று.

பேசியவர்கள் ஹாங்காங் அதிகாரிகள்; அனுமதி தந்தது லண்டன்; ஆனால் ஒவ்வொரு ஒப்பந்தமும் பிரிட்டிஷ்-சீனக் கூட்டுத் தொடர்புக் குழுவின் மேசையைக் கடந்துதான் கையெழுத்துக்குப் போனது. 1992-ல் நெதர்லாந்து, அடுத்து கனடா, ஆஸ்திரேலியா, மலேசியா என்று பட்டியல் மெல்ல நீண்டது. அமெரிக்கா 1996 டிசம்பரில்தான் கையெழுத்திட்டது. இந்தியா 1997 ஜூன் 28 அன்று, ஆட்சி கைமாற மூன்று நாள் இருக்கும்போது. அமெரிக்க ஒப்பந்தத்தின் முகப்பு வாசகம் சட்ட வரைவாளர்களின் சாமர்த்தியத்துக்கு ஒரு சான்று. ஹாங்காங்கின் வெளியுறவுக்குப் பொறுப்பான இறையாண்மை அரசு அளித்த அதிகாரத்தின்படி இது செய்யப்படுகிறது என்கிறது அது. எந்த அரசு? பெயரே கிடையாது. ஜூன் 30 அன்றும் அது உண்மை, ஜூலை 1 அன்றும் உண்மை.

கிளம்பப்போகிற ஆட்சி, வரப்போகிற ஆட்சிக்குத் தடுப்புரிமை கொடுத்தது பலவீனம் என்று அப்போதே விமர்சனம் எழுந்தது. தாமதத்துக்கு விலை இருந்தது என்பதை மறுக்க முடியாது. அமெரிக்க செனட் ஒப்புதல் தந்தபோது 1997 அக்டோபர். நடைமுறைக்கு வந்தபோது 1998 ஜனவரி. ஆட்சி கைமாறியதிலிருந்து ஆறு மாதத்துக்கும் மேல் இரு தரப்புக்கும் இடையே செல்லுபடியாகும் ஒப்பந்தமே இல்லை. ஆனால் பெய்ஜிங்கை ஒதுக்கிவிட்டு விரைவாகப் போட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? ஜூலை 1 காலையில் யாரும் மதிக்கத் தேவையில்லாத காகிதம். இந்த அச்சம் கற்பனையல்ல. ஹாங்காங் லஞ்ச வழக்கொன்றில் தேடப்பட்டு அமெரிக்காவில் பிடிபட்ட ஒருவர், தன் விசாரணை சீன ஆட்சியில்தான் நடக்கும், பிரிட்டனுடனான பழைய ஒப்பந்தத்தைக் காட்டித் தன்னை அனுப்பக் கூடாது என்று வாதாடினார். 1997 ஜனவரியில் கீழ் நீதிமன்றம் அதை ஏற்றது. மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்தது. பழைய ஒப்பந்தம் அந்த அளவுக்கு ஊசலாடியது. புதிய ஒப்பந்தங்கள் அந்தக் கேள்வியையே எழவிடவில்லை. சீனா முன்பே தலையசைத்திருந்தது.

இன்னும் கனமான ஆட்சேபம் 2020-ல் வந்தது. ஜூன் 30 அன்று தேசியப் பாதுகாப்புச் சட்டத்தைப் பெய்ஜிங் கொண்டுவந்ததும் கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன், நியூசிலாந்து, ஜெர்மனி, அமெரிக்கா என அடுத்தடுத்து ஒப்படைப்பு ஒப்பந்தங்களை நிறுத்திவைத்தன. இத்தனை ஆண்டு பேரம் கடைசியில் இதற்குத்தானா? நான் இதை வேறு விதமாகப் படிக்கிறேன். ஹாங்காங் போட்ட கையெழுத்து செல்லாது என்று அந்த நாடுகள் சொல்லவில்லை. ஹாங்காங் நீதிமன்றத்துக்கும் பெய்ஜிங்குக்கும் நடுவே இருந்த சுவர் இனி நிற்காது என்றுதான் முடிவுக்கு வந்தன. மூன்றாவது சம்மதமான சீனாவின் தலையசைப்புதான் எல்லாவற்றையும் தாங்கியிருந்தது. அதன் பொருள் மாறியதும் மற்ற இரண்டும் ஆடின. அந்தச் சுவர் எவ்வளவு முக்கியம் என்று ஹாங்காங் மக்களுக்கு ஓராண்டு முன்பே தெரிந்திருந்தது. தேடப்படுபவர்களைச் சீனப் பெருநிலத்துக்கும் அனுப்ப வழிசெய்யும் மசோதா 2019-ல் வந்தபோது, அவர்கள் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்து அதைத் திரும்பப் பெற வைத்தார்கள். தொலைதூர நெதர்லாந்தோடு 1992-லேயே ஒப்பந்தம் கண்ட ஊருக்கு, எல்லைக்கு அப்பால் இருக்கும் தன் சொந்த நாட்டோடு அப்படி ஒன்று அதுவரை இல்லை.