களத்தில் இறங்காத வீரர்

கூடைப்பந்தாட்டத்தைக் காண்போர், பந்தைக் கூடையில் இடுபவனையே போற்றுவர். களத்தின் ஓரத்தில் அமர்ந்து, பந்தை ஒருமுறையேனும் தொடாமல் ஆட்டத்தின் போக்கையே மாற்றும் ஒருவர் உண்டென்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர். தேரோட்டத்தில் வடம் பிடிப்போரைக் காண்கிறோம். சக்கரத்தின் அடியில் கட்டையிட்டுத் தேரைத் திருப்புகிறவரைக் கவனிப்பதில்லை. பயிற்சியாளரின் நிலையும் அதுவே. அத்தகைய ஒருவரைப் பற்றி மாணவ நண்பர்களாகிய உங்களுக்கு எடுத்துக் கூற விரும்புகிறேன். அவர் பிலிப்பைன்ஸ் நாட்டின் விர்ஜிலியோ டலுபான். 'பேபி' என்பது அவரது செல்லப் பெயர்.

1891-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் வகுத்த இவ்வாட்டம், அமெரிக்கர் ஆட்சிக் காலத்தில் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்குச் சென்று, அம்மக்களின் உயிரோடு கலந்துவிட்டது. 1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் போட்டியில் அந்நாடு ஐந்தாம் இடத்தையும், 1954-இல் உலகப் போட்டியில் மூன்றாம் இடத்தையும் பெற்றது. உயரத்தையே பெரிதும் வேண்டும் ஆட்டத்தில், உயரம் குறைந்த மக்கள் பெற்ற பெருமை இது!

டலுபான் 1923-இல் பிறந்தார். மணிலாவிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தை நிறுவியவர் அவருடைய தந்தையார். அப்பல்கலைக்கழகக் குழுவுக்கே மகன் பயிற்சியாளரானார். 'தந்தையின் செல்வாக்கால் வந்த பதவி' என்று எவரும் எளிதில் கூறிவிடலாம். ஆனால் அவரது குழு 1965 முதல் 1971 வரை தொடர்ந்து ஏழு ஆண்டுகள் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான போட்டியில் வென்றது. சலுகையால் பதவி கிட்டலாம்; ஏழாண்டு வெற்றி கிட்டுமோ?

1975-இல் ஆசியாவின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்துக் கழகம் அந்நாட்டில் தோன்றியது. ஆடை உற்பத்தி நிறுவனமாகிய கிரிஸ்பாவின் குழுவை டலுபான் நடத்தினார். அக்கழகத்தில் ஓராண்டுக்கு மூன்று போட்டித் தொடர்கள் நடைபெற்றன. 1976-இல் மூன்றிலும் கிரிஸ்பாவே வென்றது. அதற்கு முன் எந்தக் குழுவும் அதைச் செய்ததில்லை.

இங்கே நேர்மையான ஐயம் ஒன்று எழுகிறது. கிரிஸ்பாவில் அடோர்னாடோ, ஆட்டோய் கோ போன்ற சிறந்த வீரர்கள் இருந்தனர். டலுபான் விலகிய பின், 1983-இல் டாமி மனோட்டோக் என்பவரின் பயிற்சியில் அதே குழு மீண்டும் மூன்று தொடர்களிலும் வென்றது. அப்படியானால் பெருமை வீரர்க்கா, பயிற்சியாளர்க்கா?

இதற்கு விடையை 1990-ஆம் ஆண்டில் காண்கிறேன். அப்போது அவர் பியூர்ஃபுட்ஸ் என்னும் குழுவில் இருந்தார். அக்குழு அதுவரை ஒரு பட்டமும் பெற்றதில்லை. அவ்வாண்டின் மூன்றாம் தொடரில், ஐந்து ஆட்டங்கள் கொண்ட இறுதிப் போட்டியில், அலாஸ்கா குழுவிடம் முதல் இரண்டு ஆட்டங்களையும் இழந்தது. இன்னொன்றை இழந்தால் எல்லாம் முடிந்தது. 67 வயதான டலுபானின் குழு எஞ்சிய மூன்று ஆட்டங்களையும் வென்று பட்டத்தைக் கைப்பற்றியது. திறமையுடைய இளைஞர்கள் அக்குழுவில் இருந்தனர் என்பது உண்மையே. ஆயினும் இருமுறை வீழ்ந்தவரின் உள்ளம் தளராமல் காப்பது திறமைக்கு அப்பாற்பட்ட பணி. அது ஆசிரியரின் பணி.

கழகத்தில் அவர் பெற்ற பட்டங்கள் 15. அவ்வெண்ணிக்கையைப் பின்னாளில் கடந்தவர் யார் தெரியுமா? 1990-இல் தோல்வியுற்ற அலாஸ்கா குழுவின் இளம் பயிற்சியாளர் டிம் கோன்! அன்றைய தோல்வி அவருக்கு முடிவாகிவிடவில்லை.

டலுபான் 2016-இல் காலமானார். ஆண்டின் சிறந்த பயிற்சியாளருக்கு அந்நாட்டு விளையாட்டுச் செய்தியாளர்கள் வழங்கும் விருது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. நாளை உங்களுள் ஒருவர் வெற்றி மேடையில் நிற்கும்போது, மேடைக்குக் கீழே நிற்பவரையும் ஒருமுறை நோக்குங்கள். அதுவே அவருக்கு நீங்கள் செலுத்தும் காணிக்கை.