92 சதவீதம் யாருக்கு?

பக்கவாதம் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் வரலாம். அரிவாள் செல் ரத்தசோகை இருந்தால், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் மெல்லச் சுருங்கி ஒருநாள் அடைத்துக்கொள்ளலாம். தெப்பக்காடு, மசினகுடி, கூடலூர் வட்டாரத்துக்கு இது புதிய நோயல்ல. நீலகிரிப் பழங்குடியினரின் ரத்தத்தில் இந்தக் கூறு இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952-லேயே எழுதிவிட்டார்கள்.

இந்தப் பக்கவாதத்தைத் தடுக்க முடியும் என்று 1998-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. 130 பிள்ளைகளில் 63 பேருக்குத் தொடர்ந்து ரத்தம் ஏற்றினார்கள். 67 பேருக்கு வழக்கமான சிகிச்சை. இவர்களில் 11 பேருக்குப் பக்கவாதம் வந்தது, ரத்தம் ஏற்றியவர்களில் ஒருவருக்கு மட்டுமே. ஆபத்து 92 சதவீதம் குறைந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள்.

ஆனால் அந்த 130 பேரும் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். டாப்ளர் ஸ்கேனில் மூளைக் குழாயின் ரத்த வேகம் நொடிக்கு 200 சென்டிமீட்டரைத் தொட்டவர்கள். ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்துப் பேர் விழக்கூடிய கூட்டம். ஸ்கேன் எடுக்காத பிள்ளைக்கு அந்த 92 பொருந்துமா என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொரு கேள்வியும் உண்டு. நம் பழங்குடிப் பிள்ளைகளிடம் கருப்பருவ ஹீமோகுளோபின் அதிகம். அதனால் நோயின் கடுமை பொதுவாகக் குறைவு. பக்கவாதமும் குறைவாக இருக்கலாம். ஆனால் தேடிப் பார்க்காத இடத்தில் எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும். அதை நம்பி ஒரு பணியர் பழங்குடி வீட்டுக் குழந்தையை விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாதாமாதம் ரத்தம் ஏற்றினால் உடலில் இரும்பு சேரும். காட்டோரக் குடும்பத்துக்கு அந்த அலைச்சலும் பெரும்பாடு. இதற்கு மாற்று ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை. ஓராண்டாவது ரத்தம் ஏற்றிக்கொண்ட பிறகு, மூளைக் குழாயில் கடும் பாதிப்பு இல்லாதவர்கள் இந்த மாத்திரைக்கு மாறலாம் என்று 2016-ல் 121 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு காட்டியது. அடுத்து, நைஜீரியாவில் 220 பிள்ளைகளிடம் குறைந்த அளவு மாத்திரையையும் அதைவிட இரு மடங்கையும் ஒப்பிட்டார்கள்; பக்கவாதத்தைத் தடுப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. வசதி குறைந்த இடத்திலேயே நடந்ததால், இந்த ஆய்வை நான் கூடுதலாக மதிக்கிறேன்.

கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையை நடத்தும் அஸ்வினி அமைப்பு இந்த நோயாளிகளைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து கவனித்துவருகிறது. இந்த நோய்க்காக 2023-ல் தொடங்கிய தேசிய இயக்கமோ ஏழு கோடிப் பேருக்கு ரத்தப் பரிசோதனை செய்து அட்டை தருவதை இலக்காக வைத்தது. நோய் யாருக்கு என்று அந்த அட்டை சொல்லும். யாருடைய குழாய் சுருங்குகிறது என்று சொல்லாது. நோய் உறுதியான 2 முதல் 16 வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆண்டுதோறும் டாப்ளர் ஸ்கேன் எடுப்பதையும் இயக்கத்தின் பொறுப்பாக்க வேண்டும்.