சாலையும் ஒரு நினைவுச் சின்னமே!

நினைவுச் சின்னம் என்றதும் கோட்டையும் கோபுரமும் அரண்மனையுமே நம் மனக்கண்ணில் தோன்றும். பெட்ரோல் நிலையமும் சிற்றுண்டிச் சாலையும் வழிப்போக்கர் விடுதியும் நினைவுச் சின்னங்கள் ஆக முடியுமா? முடியும் என்று காட்டியிருக்கிறது அமெரிக்காவின் 66-ஆம் எண் நெடுஞ்சாலை. 1926 நவம்பர் 11-இல் அந்நாட்டின் நெடுஞ்சாலைகளுக்கு எண்கள் வழங்கப்பட்டபோது உருவான அந்தச் சாலைக்கு 2026-இல் நூறு வயது. வியப்பு என்னவெனில், அரசின் நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து அது 1985-ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது.

சிகாகோவில் தொடங்கி இல்லினாய், மிசௌரி, கேன்சஸ், ஓக்லஹோமா, டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனா, கலிபோர்னியா என எட்டு மாநிலங்களைக் கடந்து பசிபிக் கடற்கரையை எட்டிய இதன் நீளம் ஏறத்தாழ 3,900 கி.மீ. ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரைச் சேர்ந்த சைரஸ் ஏவரி இந்தத் தடம் அமைவதற்குப் பெரிதும் பாடுபட்டவர். சிற்றூர்களின் கடைவீதிகளையே கோத்துச் சென்றது என்பதுதான் இச்சாலையின் தனித்தன்மை. 1938-இல்தான் அது முழுவதும் கெட்டித் தளம் இடப்பட்ட சாலையானது.

அதற்கு முன்பே அது வரலாற்றில் இடம்பிடித்துவிட்டது. 1930-களில் பொருளாதாரப் பெருமந்தமும், வறட்சியால் எழுந்த புழுதிப் புயல்களும் சமவெளி உழவர்களை நிலத்தைவிட்டு விரட்டின. தட்டுமுட்டுச் சாமான்களைப் பழைய வாகனங்களில் ஏற்றிக்கொண்டு, பிழைப்புத் தேடி அவர்கள் கலிபோர்னியாவுக்குச் சென்ற வழி இதுதான். ஜான் ஸ்டீன்பெக் 1939-இல் வெளியிட்ட நாவலில் இதைத் 'தாய்ச்சாலை' என்று குறிப்பிட்டார். அப்பெயரே நிலைத்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் நிலைமை மாறியது. சொந்தக் காரில் குடும்பத்தோடு உலா செல்லும் பழக்கம் பெருகியது. விரைந்து செல்லும் வாகனத்தில் இருப்பவரின் கண்ணைத் தொலைவிலிருந்தே ஈர்த்தால்தான் வணிகம் நடக்கும். அந்தத் தேவையிலிருந்து பிறந்தவையே ஒளிரும் நியான் பலகைகளும், பூதாகாரமான பொம்மைகளும், விநோத வடிவக் கட்டடங்களும். அரிசோனாவின் ஹோல்புரூக்கில் கூம்புக் கூடார வடிவ அறைகள் கொண்ட விடுதி, டெக்சாஸின் ஷாம்ராக்கில் கோபுரத்துடன் 1936-இல் எழுந்த எரிபொருள் நிலையம், ஓக்லஹோமாவின் கட்டூசாவில் குளத்தில் நிற்கும் நீலத் திமிங்கிலம் ஆகியன இன்றும் பயணிகளை ஈர்க்கின்றன. அமரில்லோ நகருக்கு அருகே பத்து காடிலாக் கார்களை மூக்கு மண்ணில் புதையுமாறு நட்டுவைத்த கலைப்படைப்பு 1974-இல் உருவானது.

இந்த வளத்துக்கு முடிவுரை எழுதியது 1956-ஆம் ஆண்டின் கூட்டாட்சி நெடுஞ்சாலைச் சட்டம். குறுக்குச் சந்திப்புகள் இல்லாத அகன்ற விரைவுச் சாலைகள் ஊர்களைத் தொடாமலே விலகிச் சென்றன. 1984-இல் அரிசோனாவின் வில்லியம்ஸ் கடைசியாகப் புறந்தள்ளப்பட்டது. பயண நேரம் குறைந்தது. விபத்து அபாயமும் தணிந்தது. ஆனால், வழிப்போக்கர்களை நம்பியிருந்த ஊர்களில் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

மீட்பு முயற்சி தலைநகரிலிருந்து வரவில்லை. 1978-இல் விரைவுச் சாலையால் ஒதுக்கப்பட்ட செலிக்மன் என்ற அரிசோனா சிற்றூரில் முடிதிருத்தகம் நடத்திவந்த ஏஞ்சல் டெல்கடில்லோ, 1987-இல் ஊராரைத் திரட்டிப் பாதுகாப்புச் சங்கம் கண்டார். மாநில அரசும் அச்சாலையை வரலாற்றுச் சாலையாக ஏற்றது. பிற மாநிலங்களிலும் இத்தகைய சங்கங்கள் தோன்றின. 1999-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி, தேசியப் பூங்காத் துறை பழைய கட்டடங்களையும் விளம்பரப் பலகைகளையும் புதுப்பிக்க நிதியுதவி அளித்தது. அத்திட்டம் 2019-இல் முடிவுக்கு வந்தது.

கோட்டையைக் காப்பதைவிடச் சாலையைக் காப்பது கடினம். கோட்டைக்கு ஓர் உரிமையாளர். சாலைக்கோ மாநிலங்கள், மாவட்டங்கள், நகராட்சிகள், தனியார் எனப் பலர். மேலும், பயன்பாடு இல்லாத சாலை புல் முளைத்து மறைந்துவிடும். மிசிசிப்பி ஆற்றின் மீது நடுவே வளைந்து செல்லும் 'செயின் ஆஃப் ராக்ஸ்' பாலம் இதற்கு நல்ல விடை தருகிறது. வாகனங்களுக்கு மூடப்பட்டுக் கைவிடப்பட்ட அது, 1999-இல் நடைப்பயணிகளுக்கும் மிதிவண்டிகளுக்கும் திறக்கப்பட்டு மறுவாழ்வு பெற்றது.

எதைக் காப்பது என்பதைப் போலவே எதை நினைவுகூர்வது என்பதும் முக்கியம். இச்சாலையைச் சுதந்திரத்தின் அடையாளமாகப் போற்றுவோர் பலர். ஆனால், கறுப்பின மக்களுக்கு அது அவ்வாறு இருக்கவில்லை. இருட்டிய பின் அவர்கள் தங்கக் கூடாத ஊர்களும், அவர்களுக்கு அறை தராத விடுதிகளும் வழியெங்கும் இருந்தன. தங்களை ஏற்கும் இடங்களை அறிய, 1936 முதல் சுமார் 30 ஆண்டுகள் வெளிவந்த 'கிரீன் புக்' கையேட்டை அவர்கள் நாட வேண்டியிருந்தது. ஓக்லஹோமாவின் லூதரில் கறுப்பினக் குடும்பம் நடத்திய திரெட் எரிபொருள் நிலையம், அழிவின் விளிம்பிலுள்ள வரலாற்று இடங்களின் பட்டியலில் 2021-இல் சேர்க்கப்பட்டது. நியான் பலகைக்குக் கிடைக்கும் கவனம் இத்தகைய இடங்களுக்கும் கிடைத்தால்தான் வரலாறு முழுமை பெறும். ஹோல்புரூக்கின் கூடார வடிவம்கூடச் சமவெளிப் பழங்குடியினருடையது. அரிசோனாவின் மண்ணுக்கு உரியதன்று. அந்த உண்மையையும் பயணிக்குச் சொல்ல வேண்டும்.

செலிக்மன் ஊரார் பழமைமீது கொண்ட காதலால் மட்டும் போராடவில்லை; தம் ஊரில் வாழ வழி வேண்டும் என்றே போராடினர். அவர்கள் வென்றதற்கும் அதுவே காரணம். உள்ளூர் மக்களுக்கு வாழ்வளிக்கும் பாதுகாப்பே நிலைக்கும்; அவர்களை மறந்து செய்யப்படும் பாதுகாப்பு, எவ்வளவு செலவிட்டாலும், வெறும் காட்சிப்பொருளாகவே எஞ்சும்.