ஒன்றரை டாலரா, ஏழரை டாலரா?

கைபேசியும் செல்போன் கோபுரமும் பேசிக்கொள்ள ஒரு பொதுமுறை வேண்டும். 3ஜி, 4ஜி, 5ஜி என்பவை அப்படி வகுக்கப்பட்ட தரநிலைகள். அந்த முறைக்குள் அடங்கிய ஒரு நுட்பத்துக்குக் காப்புரிமை வைத்திருப்பவரைச் சுற்றிக்கொண்டு போக வேறு பாதை கிடையாது. கைபேசி செய்பவர் ராயல்டி கொடுத்தே தீர வேண்டும். வேறு வழியில்லை என்பதற்காக வாய்க்கு வந்த விலை கேட்டுவிடக் கூடாதே! அதனால் தரநிலை அமைப்புகள் காப்புரிமையாளரிடம் முன்னதாகவே உறுதிமொழி வாங்குகின்றன: நியாயமாகவும் பாகுபாடின்றியும் உரிமம் தர வேண்டும். எவ்வளவு நியாயம் என்று அதில் எழுதியிருக்காது. வழக்கு அங்கேதான் முளைக்கிறது.

ஆப்பிளுக்கும் குவால்காமுக்கும் 2017 ஜனவரியில் தொடங்கிய வழக்கு இதற்கு நல்ல உதாரணம். குவால்காம், கைபேசியைக் கோபுரத்தோடு இணைக்கும் மோடம் சிப் விற்கும் நிறுவனம். சிப் விலை போக, தன் காப்புரிமைகளுக்காகக் கைபேசியின் விலையை வைத்துத் தனியாக ராயல்டியும் வசூலிக்கும். உரிமம் வாங்காதவருக்குச் சிப்பும் இல்லை. மோடம் சிப் சுமார் 30 டாலர், அதில் 5 சதவீதமான ஒன்றரை டாலரே முறை என்பது ஆப்பிளின் கணக்கு. ஒரு ஐபோனுக்கு ஏழரை டாலர் கொடுக்க நேர்ந்ததாக அதன் அதிகாரி ஜெஃப் வில்லியம்ஸ், பின்னால் சொல்லப்படும் அரசு வழக்கில் 2019இல் சாட்சியம் சொன்னார். கேமராவுக்கும் திரைக்கும் மோடத்துக்கும் என்ன சம்பந்தம் என்றது ஆப்பிள். இணைப்பு இல்லாவிட்டால் அந்தக் கைபேசிக்கு என்ன மதிப்பு என்றது குவால்காம்.

வழக்கு நடக்கும்போதே ஐபோன்களைத் தயாரித்துக் கொடுக்கும் ஃபாக்ஸ்கான் முதலிய நிறுவனங்கள் ராயல்டியை நிறுத்திவைத்தன. குவால்காமோ மின்சேமிப்பு தொடர்பான வேறொரு காப்புரிமையைக் கையிலெடுத்து, 2018 டிசம்பரில் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றத்தில் சில ஐபோன்களுக்கு விற்பனைத் தடை வாங்கியது. தரநிலையில் சேராத காப்புரிமை என்பதால் உறுதிமொழி அதைக் கட்டுப்படுத்தவில்லை.

2019 ஏப்ரல் 16 அன்று, சான் டியாகோவில் விசாரணை தொடங்கிய வேளையில், இருவரும் சமரசமானார்கள். ஆறாண்டு உரிமம், கூடவே சிப் வழங்கும் ஒப்பந்தம். ஆப்பிளுக்கு மோடம் கொடுத்துவந்த இன்டெல், 5ஜி கைபேசி மோடம் தொழிலிலிருந்து விலகுவதாக அன்றே அறிவித்தது.

குவால்காமின் வசூல்முறை போட்டியை நசுக்குகிறது என்று அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் தொடுத்த தனி வழக்கில் 2019 மே மாதம் நீதிபதி லூசி கோ ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தார். 2020 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உறுதிமொழி மீறப்பட்டிருந்தால் அது ஒப்பந்தச் சட்டமும் காப்புரிமைச் சட்டமும் பார்க்க வேண்டிய விவகாரம்; போட்டிச் சட்டத்தின் வேலையல்ல என்பது அதன் முடிவு. முழுக் கைபேசி விலையில் ராயல்டி கேட்கும் வழக்கம் அப்படியே நீடித்தது.